குடைக்காரர் சொன்னது

பத்து வயதில் நான் துப்பறிவாளராக இருந்தேன். எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வழக்கு. அதை ஏழே நாளில் முடித்துக் குற்றவாளியைத் தெருவே பார்க்க நிறுத்தினேன். அதற்குப் பரிசாக ஒரு குடையும் வாங்கினேன். இவ்வளவு கெட்டிக்காரத்தனம் அதற்குப் பிறகு எங்கே போயிற்று என்று கேட்டால், அந்த ஒரு வாரத்தோடு தீர்ந்துபோயிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் பின்பாதி அது. திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு வந்த முதல் தொலைக்காட்சிப் பெட்டி எங்களுடையது. அப்பா தமிழாசிரியர். கல்லூரியில் படித்த காலத்தில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இறங்கி, ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் இருந்த இந்தி எழுத்தைத் தார் பூசி அழித்து, இருபது நாள் சிறையில் இருந்தவர். எங்கள் குடும்பத்துக்கு நிலம் நீச்சு கிடையாது. அந்த இருபது நாள்தான் எங்கள் சொத்து. கூட்டங்களுக்கு அப்பாவைப் பேசக் கூப்பிட்டதும், கடைத்தெருவில் அவரைப் பார்த்து ஆட்கள் எழுந்து நின்றதும் அதனால்தான்.

அப்படிப்பட்டவர் வீட்டுக் கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முப்பது பேர் உட்கார்ந்து, டெல்லியிலிருந்து வரும் இந்தித் தொடர் பார்த்தோம். வேறு என்ன செய்வது? பெட்டியை வாங்கியாகிவிட்டது. அதில் வருவது அதுதான். அப்பா அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். பார்ப்பது வேறு, படிப்பது வேறு என்பார். பார்த்தால் கண்ணோடு போய்விடும், படித்தால்தான் மொழி உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது அவர் கட்சி. சாய்வு நாற்காலியில் இருந்தபடி இதைச் சொல்லிவிட்டு, ஆன்டெனாவை இன்னும் கொஞ்சம் சென்னைப் பக்கம் திருப்பச் சொல்லிக் குரல் கொடுப்பார்.

தொடர், வெள்ளைக்காரன் காலத்துத் துப்பறியும் கதை. ஒவ்வொரு வாரமும் ஒரு வழக்கு. முழங்கால் வரை தொங்கும் கறுப்புக் கோட்டும் தலையில் வட்டத் தொப்பியுமாக ஒல்லியான ஒருவர் குதிரை வண்டியிலிருந்து இறங்குவார். வெயிலோ மழையோ கையில் மடக்கிய குடை இருக்கும். அந்தக் குடையின் நுனியால் கம்பளத்தைத் தூக்கிப் பார்ப்பார், சன்னல் திரையை விலக்கிப் பார்ப்பார். அவர் பெயர் என்ன என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அப்பா வைத்த பெயர் குடைக்காரர். அதுவே நிலைத்துவிட்டது.

குடைக்காரர் பேசுவதை எங்களுக்குச் சொன்னவர் மாமா, அம்மாவின் தம்பி. நாக்பூரில் ஒரு மரக்கிடங்கில் பதினொரு மாதம் வேலை பார்த்துவிட்டு, அந்த வேலை ஏன் போயிற்று என்று கடைசிவரை சரியாகச் சொல்லாமல் எங்கள் வீட்டோடு வந்து தங்கியிருந்தார். அங்கிருந்து அவர் கொண்டுவந்தவை இரண்டு: ஒரு கம்பளிச் சட்டை, கொஞ்சம் இந்தி. கம்பளிச் சட்டையைத் திண்டிவனத்து வெயிலில் போட முடியவில்லை. இந்திக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்ல மரியாதை இருந்தது. கூட்டத்துக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரையில் ஒருவர் வாய் திறந்து மூடியதும் கையை உயர்த்தி எங்களை அடக்கிவிட்டு, “அவரு இன்னா சொல்றாருன்னா” என்று ஆரம்பிப்பார். அவர்கள் ஒரு நிமிடம் பேசினால் இவர் இரண்டு நிமிடம் சொல்லுவார். அதற்குள் அங்கே அடுத்த ஆள் பேசி முடித்திருப்பான். ஒளிபரப்பு நின்றுபோய் இந்தியில் எழுதிய அட்டை ஒன்று திரையில் வந்து நிற்குமே, அதைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு வாரம் அதற்கு ஐந்து நிமிடம் ஓய்வு என்று அர்த்தம். இன்னொரு வாரம் பிரதமர் பேசப்போகிறார் என்று அர்த்தம். நாங்கள் காத்திருந்தோம். பிரதமர் வரவில்லை. அதற்காக மாமாவை யாரும் சந்தேகிக்கவும் இல்லை.

அத்தை இந்தக் கூட்டத்தோடு உட்கார மாட்டாள். சமையலறை நிலைப்படியில் சாய்ந்து நின்று பார்ப்பாள். அப்பாவுக்கு ஒரே தங்கை. தாத்தா காலமான பிறகு எங்களோடுதான் இருந்தாள். பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் முடித்து, இப்போது ஷார்ட்ஹேண்ட் படிக்கிறேன் என்று வாரத்தில் மூன்று நாள் காலைப் பாசஞ்சரில் விழுப்புரம் போய் மாலை பஸ்ஸில் திரும்புவாள். திண்டிவனத்திலேயே இரண்டு இன்ஸ்டிட்யூட் இருக்கும்போது எதற்கு விழுப்புரம் என்று அம்மா கேட்பாள். இங்கே இருப்பவர்களுக்கு ஷார்ட்ஹேண்ட் சரியாக வராது என்று அத்தை சொல்லுவாள்.

அம்மாவின் கணக்கு வேறாக இருந்தது. தன் தம்பிக்கும் தன் நாத்தனாருக்கும் முடித்துவிட்டால், இரண்டு சுமை ஒரே நாளில் இறங்கும். மாமாவுக்கும் அதில் கசப்பில்லை. அத்தை மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லக்கூடிய இடத்தில் அவள் இல்லை. தை மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்குள் எனக்கு ஒரு வேலை கிடைத்தால் என் வழியில் விடுங்கள், கிடைக்காவிட்டால் நீங்கள் சொல்கிறபடி என்று அப்பாவிடம் கேட்டிருந்தாள். அப்பாவும் சரியென்றார். பெண்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர் அவர். வீட்டில் ஒருத்தி நிற்கிறேன் என்கிறபோது முடியாது என்று எப்படிச் சொல்வார்? ஆக, தை மாதத்துக்கும் அத்தைக்கும் ஒரு பந்தயம் நடந்துகொண்டிருந்தது. எனக்கும் இது தெரியும். நான் மாமா பக்கம். அத்தைக்கு வேலை கிடைத்தால் வெளியூர் போய்விடுவாள், மாமாவைக் கட்டிக்கொண்டால் எங்களோடு இருப்பாள். எனக்குத் தலை பின்னிவிட அவளை விட்டால் ஆளில்லை.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடந்தது. திரையில் வெள்ளைப் புடவை கட்டிய வயதான அம்மாள் ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டு, “மேரி பேட்டி, மேரி பேட்டி” என்று அழுதாள். மாமா கையை உயர்த்தினார்.

“பெட்டி காணமாம். நகைப் பெட்டி.”

கூட்டம் உச்சுக்கொட்டியது. அப்போது நிலைப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

“பெட்டி இல்ல, பொண்ணு.”

தன்னை அறியாமல் சொல்லிவிட்டாள். முப்பது தலையும் திரும்பியது. அதே நேரத்தில் திரையில் அந்த அம்மாள் ஒரு பெண்ணின் படத்தை எடுத்துக் குடைக்காரரிடம் நீட்டினாள். தலைகள் மறுபடி அந்தப் பக்கம் திரும்பின. பெட்டிக்காக ஒரு கிழவி இப்படியா அழுவாள், பார்த்தாலே தெரியவில்லையா என்று அத்தை சொல்லிச் சமாளித்தாள். அதுவும் சரிதான் என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒத்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு மீதிக் கதையை அவர் சரியாகச் சொல்லவே இல்லை. நிலைப்படியைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவமானத்தில் பார்க்கிறார் என்று நினைத்தேன். அது பாதிதான் சரி.

அடுத்த வாரம் வந்ததுதான் என் வாழ்க்கையைக் கெடுத்த கதை. என் வாழ்க்கை என்று சொல்வதுகூடச் சரியில்லை. எனக்கு என்ன கெட்டது?

ஒரு ஜமீன் மாளிகை. ஏதோ ஒரு காகிதம் காணாமல் போகிறது. வீட்டில் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்து ஒரு முறுக்கு மீசைப் போலீஸ்காரர் மிரட்டுகிறார். குடைக்காரர் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் நிற்கும் இளம் பெண்ணின் வலது கையை எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார். நடுவிரலில் மைக்கறை. திரை முழுக்க அந்த விரல் வருகிறது. அந்தப் பெண் நடுங்குகிறாள். குடைக்காரர் வெகுநேரம் அவள் முகத்தையே பார்க்கிறார். பிறகு அவள் கையை மெதுவாக விட்டுவிட்டுப் போலீஸ்காரரிடம் திரும்பி நிதானமாக ஒரு வாக்கியம் சொல்கிறார்.

“முஜே குச் நஹி மாலும்.”

சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடக்கிறார். அந்தப் பெண் ஓடிவந்து அவர் காலில் விழுந்து அழுகிறாள். பாட்டு வந்துவிட்டது, கதை முடிந்தது. இந்த முறை மாமா அவசரப்படவில்லை. எழுந்து நின்று, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி விரல் விட்டுப் பிரித்துச் சொன்னார்.

“முஜேன்னா எனக்கு. மாலும்னா தெரியாதது. குச் நஹின்னா ஒண்ணுமே இல்ல. எனக்குத் தெரியாதது ஒண்ணுமே இல்ல, எல்லாம் கண்டுபிடிச்சிட்டேன், இவதான் ஆளுன்னு போலீசுகிட்ட புடிச்சிக் குடுத்துட்டாரு. அதான் மன்னிச்சுடுங்கன்னு கால்ல வுழுவுறா.”

கூடம் கைதட்டியது. நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏன் அழுகிறாய் என்று போய்க் கேட்டேன். அடுப்புப் புகை என்றாள். அடுப்பு அணைந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. குடைக்காரர் இதையெல்லாம் கவனிக்காமல் விடமாட்டார். நானும் விடவில்லை, மனதில் குறித்துக்கொண்டேன்.

அன்று பிற்பகல் பின்கட்டில் நானும் மாமாவும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தோம். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாம் அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துவிட்டிருந்தோம். நான் உரிக்கிற ஒவ்வொரு தோலுக்கும் ஒரு முறை முஜே குச் நஹி மாலும் சொல்லிக்கொண்டிருந்தேன். நீதான் பாப்பா சரியாகச் சொல்லுகிறாய், குடைக்காரர் வீட்டுப் பெண் மாதிரியே இருக்கிறது என்று மாமா மெச்சினார். கொஞ்ச நேரம் கழித்து, தோலை ஊதிக்கொண்டே, இந்த வீட்டுக்குக் குடைக்காரர் வந்தால் யார் கையை எடுத்துப் பார்ப்பார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

“டைப் மிஷினுக்கு ரிப்பன் போடுவாங்க. ஷார்ட்ஹேண்டு பென்சில்ல எழுதுவாங்க. விரல்ல பேனா மை எங்கேர்ந்து வரும்? எனக்குத் தெரியாதும்மா. நீதான் துப்பு துலக்கறவ.”

அவ்வளவுதான் சொன்னார். மல்லாட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை எனக்குத் தலை பின்னிவிடும்போது அத்தையின் விரலைப் பார்த்தேன். நடுவிரலின் பக்கவாட்டில் நீல மை, தேய்த்துக் கழுவியும் போகாத பழைய கறை. தலையைத் திருப்பி இன்னொரு முறை பார்த்தேன். ஆட்டாதே என்று அத்தை தலையில் செல்லமாகத் தட்டினாள். அவள் குளிக்கப் போன நேரத்தில், விழுப்புரத்துக்கு எடுத்துப்போகும் ஒயர் கூடையைக் குடைந்தேன். சாப்பாட்டு டப்பா, டவல், பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு. மேலே சீட்டில் ஷார்ட்ஹேண்ட் என்று எழுதியிருந்தது. அந்த நோட்டை நான் முன்பே பார்த்திருக்கிறேன். இது என்ன எழுத்து, ஒன்றும் புரியவில்லையே என்று ஒருமுறை கேட்டதற்கு, வேகமாக எழுதுவதற்கான எழுத்து, படித்தவர்களுக்குத்தான் புரியும் என்று அத்தை சொல்லியிருந்தாள். அம்மாவும் அதைப் பார்த்திருக்கிறாள். ஷார்ட்ஹேண்ட் தெரியாத எங்கள் வீட்டில் அதைவிட நல்ல ஒளிவிடம் கிடையாது.

இந்த முறை நிதானமாகப் பார்த்தேன். எழுத்தெல்லாம் கொடியில் துணி காயப்போட்ட மாதிரி ஒரு கோட்டிலிருந்து கீழே தொங்கியது. அத்தனையும் பேனாவால் எழுதியது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று மட்டும் தோன்றியது. நான்கு நாள் யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரிடம் அடிகூட வாங்கினேன். ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை, படம் நடுவில் நின்று அந்த இந்தி அட்டை திரையில் வந்தது. கொடியில் துணி. எனக்கு எழுந்து கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை. குடைக்காரர் எதையும் எல்லாரும் கூடிய பிறகுதான் சொல்லுவார். நானும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

அது ஏன் இந்தியில் இருக்கிறது, அத்தை எதற்கு இதை ஒளிக்கிறாள் என்றெல்லாம் நான் யோசித்ததாக நினைவில்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்பதே போதுமாக இருந்தது. அம்மாவுக்குக்கூடத் தெரியாததை நான் கண்டுபிடித்திருந்தேன்.

ஞாயிறு வந்தது. கூடம் நிறைந்தது. தொடர் ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் என் நல்ல நேரம், படம் நின்று அட்டை விழுந்தது. மாமா கையை உயர்த்தி ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அதற்குள் நான் அப்பாவின் குடையை ஒரு கையிலும் அத்தையின் நோட்டை இன்னொரு கையிலும் எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். நோட்டை விரித்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். அத்தை பக்கம் குடையை நீட்டினேன். ஒரு வாரமாகப் பழகிய குரலில் உரக்கச் சொன்னேன்.

“முஜே குச் நஹி மாலும்.”

கூடம் வெடித்துச் சிரித்தது. பெரியம்மா தன் பக்கத்தில் இருந்தவளைத் தட்டி, இந்தக் குட்டியைப் பார் என்றார். அத்தை சிரிக்கவில்லை. அவள் முகத்தில் பயம் வந்தது, பிறகு அது போய் வேறு ஏதோ வந்தது. என்னையே பார்த்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“ஆமாண்டி. நிஜந்தான்.”

சிரிப்பு நின்றது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். அவருக்கு இந்தி ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. ஆனால் தார் பூசி அழித்தவருக்கு எதை அழித்தோம் என்பது தெரியாமலிருக்குமா? இரண்டு பக்கம் புரட்டினார். பெட்டியை அணைக்கச் சொன்னார். தெருக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டு போனார்கள். மெதுவாகத்தான் போனார்கள்.

எத்தனை நாளாக என்று அப்பா கேட்டார். இரண்டு வருடமாக என்றாள் அத்தை. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் ஒரு டீச்சரம்மா வீட்டில் வைத்து இந்தி சொல்லித்தருகிறார். நான்கு பரீட்சை தேறியாகிவிட்டது, ஐந்தாவது அடுத்த மாதம். அது முடிந்தால் புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இந்தி டீச்சர் வேலை, அந்த டீச்சரம்மாவே சொல்லிவைத்திருக்கிறார். டைப்புக்கும் ஷார்ட்ஹேண்டுக்கும் ஆயிரம் பேர் நிற்கிறார்கள், இதற்கு ஆளில்லை.

“ஒரே ஒரு பரிச்சதான் அண்ணா. எழுதிட்டு வந்துடறேன். அப்புறம் உங்க பேரே சொல்லாம எங்கியாவது இருந்துக்கறேன்.”

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் இறங்கியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. நோட்டைத் தடவிக்கொண்டே இருந்தார்.

“இந்த எழுத்த அழிச்சிட்டுத்தாம்மா ஜெயிலுக்குப் போனேன். அத நீ என் வூட்லயே உக்காந்து எழுதிக்கினு இருந்திருக்க. தெருவே பாத்துட்டுப் போவுது. நாளைக்கு நான் எந்த மேடைல ஏறி இன்னா பேசறது?”

தெரு பார்க்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பது தெரியாது. தனியாக அத்தையே ஒருநாள் சொல்லியிருந்தால், இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டுப் பரீட்சைக்குப் போய்வா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே சொல்லியிருக்கக்கூடியவர்தான் அப்பா. அந்த வழியை நான் அடைத்துவிட்டேன். மாமா அப்போது தரையைப் பார்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளை ஏதோ விளையாட்டுக்குச் செய்தது, பெரிசு பண்ணாதீர்கள் என்று பெருந்தன்மையாகச் சொன்னார். தம்பிக்கு எவ்வளவு நல்ல மனது என்று அம்மா கண் கலங்கினாள்.

விழுப்புரம் போவது அன்றோடு நின்றது. பரீட்சை நாளன்று அத்தை வீட்டில் உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள். காலைப் பாசஞ்சர் கூவிக்கொண்டு போகும் சத்தம் எங்கள் வீட்டுக்கு நன்றாகக் கேட்கும். ஆட்டுக்கல் ஒரு நிமிடம் நின்று மறுபடி ஓடியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். என்மேல் கோபமா அத்தை என்று கேட்டேன். இல்லை என்றாள். உண்மையிலேயே கோபம் இல்லை என்று நம்பினேன். எனக்குத் தலை பின்னிவிடுவதை அவள் ஒருநாளும் நிறுத்தவில்லையே.

தையில் கல்யாணம். அப்பா விருப்பப்படி ஐயர், மந்திரம் இல்லாத சீர்திருத்தத் திருமணம். அப்பாவின் நண்பர்கள் ஒவ்வொருவராக எழுந்து பெண் விடுதலையைப் பற்றிப் பேசினார்கள். அப்பாதான் எல்லாரையும்விட நன்றாகப் பேசினார். அத்தை தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு சந்தேகம்தான் இருந்தது, இனிமேல் அவளை எப்படிக் கூப்பிடுவது என்று. அம்மாவிடம் கேட்டேன். அப்பாவின் தங்கையும் அத்தை, மாமாவின் பெண்டாட்டியும் அத்தை, எதையும் மாற்ற வேண்டாம் என்றாள் அம்மா. எதுவும் மாறவில்லை என்று எனக்கும் நிம்மதியாக இருந்தது.

கல்யாணத்துக்கு மறுவாரம் மாமா எனக்குப் பூப்போட்ட சின்னக் குடை ஒன்று வாங்கித் தந்தார். துப்பறிவாளருக்குக் குடை இல்லாமலா என்றார். அது கம்பி கழன்று கிழியும்வரை பெருமையாகப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

அவர்கள் பிறகு விழுப்புரத்தில் வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். டீச்சரம்மா இருந்த ரயில்வே குடியிருப்பு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். அத்தை அந்தப் பக்கம் போனாளா என்பது தெரியாது. அவர்களும் ஒரு பெட்டி வாங்கினார்கள். விடுமுறைக்கு நான் போகும்போது பார்ப்பேன், அக்கம்பக்கத்துக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து மாமா கையை உயர்த்தி, அவர் இன்னா சொல்கிறார் என்று சொல்லிக்கொண்டிருப்பார். அத்தை சமையலறை வாசலில் நிற்பாள். ஒருமுறை மாமா வெளியே போயிருந்த நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி திரையைக் காட்டி, இவள் எதற்கு அழுகிறாள் என்று அத்தையைக் கேட்டாள்.

“எனக்கு இன்னா தெரியும்? அவரு வந்ததும் கேளுங்க.”

நான் படித்து ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முப்பது வயதுக்கு மேல் மத்தியப் பிரதேசத்தில் ஒரு சிற்றூருக்கு மாற்றல் வந்தது. இந்தி தெரியாமல் எப்படிச் சமாளிப்பேன் என்று அப்பாவிடம் புலம்பினேன். அப்பாவுக்கு அப்போது எழுபதை நெருங்கிவிட்டது. வேலை என்று வந்துவிட்டால் கற்றுக்கொள்ளத்தானே வேண்டும், காலம் மாறிப்போயிற்று, இதில் தப்பொன்றும் இல்லை என்றார். அத்தையும் அன்றைக்கு வீட்டில் இருந்தாள். எல்லாருக்கும் காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்த ஊருக்குப் போன மூன்றாம் நாள், வாடகை வீடு தேடித் தெருத் தெருவாக அலைந்தேன். ஓர் இஸ்திரிக் கடையில், முகவரி எழுதிய சீட்டை நீட்டினேன். கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கிக் கையை விரித்தார்.

“முஜே குச் நஹி மாலும்.”

சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணியைத் தேய்க்கத் தொடங்கினார். எனக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை என்று சொல்கிற ஆள் ஏன் கையை விரிக்கிறார்? என்னோடு வந்த அலுவலகத் தோழியிடம் அவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவள் என்னை வேடிக்கையாகப் பார்த்தாள். எனக்கு எதுவும் தெரியாது என்கிறார், இதுகூடத் தெரியாமலா இந்த ஊருக்கு வந்தாய் என்றாள்.

வெயில் கொளுத்தியது. அந்தக் கடை வாசலில் நின்றபடி நான் அந்தப் பழைய கதையை மறுபடி பார்த்தேன். குடைக்காரர் அந்தப் பெண்ணின் விரலில் மையைப் பார்க்கிறார். எல்லாம் புரிந்துவிடுகிறது. அவள் கையை விட்டுவிட்டு, போலீஸ்காரரிடம் எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதனால்தான் அவள் காலில் விழுந்தாள். அதனால்தான் அத்தை அழுதாள். பதினொரு மாதம் நாக்பூரில் இருந்த மாமாவுக்கு வேறு எந்த இந்தி வந்திருந்தாலும் வராவிட்டாலும், இந்த ஒரு வாக்கியம் தெரியாமல் இருந்திருக்காது. மொழி தெரியாத ஊரில் முதல் நாளே சொல்லப் பழகுகிற வாக்கியம் அது. மூன்றே நாளில் எனக்கே தேவைப்பட்டுவிட்டது.

பத்து வயதில், முப்பது பேர் கூடியிருந்த கூடத்தில், எனக்கு எதுவும் தெரியாது என்று நான் உரக்கச் சொன்னேன். சொன்னது அங்கே இரண்டு பேருக்குத்தான் புரிந்தது. ஒருவர் வாயைத் திறக்கவில்லை. இன்னொருத்தி, ஆமாண்டி, நிஜந்தான் என்றாள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாள் என்று நாங்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டோம்.